ஜிப்சம் அரை மணியில், சுண்ணாம்பு மாதக்கணக்கில்

உட்சுவருக்கு ஜிப்சம் பூசிய வாசகர் ஒருவர், அரை மணி நேரத்தில் அது இறுகியதைப் பார்த்துவிட்டு, தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை மட்டும் ஏன் மாதக்கணக்கில் காக்க வைத்தது என்று கேட்டிருக்கிறார். இரண்டுமே கால்சியச் சேர்மங்கள். இரண்டையும் நீர் விட்டுத்தான் குழைக்கிறோம். ஆனால் இறுகுவதற்கு ஜிப்சம் எடுத்துக்கொள்வது நீரை, சுண்ணாம்பு எடுத்துக்கொள்வது காற்றை.

ஜிப்சத்தின் எடையில் சுமார் 21 விழுக்காடு, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் வாட்டினால் அதில் முக்கால் பங்கு வெளியேறி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கிடைக்கிறது. நீர் ஊற்றியதும் அது இழந்ததை மீட்டு, ஊசி ஊசியான படிகங்களாக வளர்ந்து பின்னிக்கொள்கிறது. அப்போது எழும் சூட்டை மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் அறிவார்கள்.

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் 900 பாகை அளவில் சுட்டால், தூய கல்லில் 100 கிராமுக்கு 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். எஞ்சியதை நீர் விட்டு நீற்றிக் குழைத்துச் சுவரில் பூசிய பிறகு, இழந்த வாயுவைக் காற்றிலிருந்து இம்மி இம்மியாகத் திரும்பப் பெற்று, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அது மீண்டும் கல்லாகிறது. காற்றில் அந்த வாயு ஆயிரத்தில் அரைப் பங்குகூட இல்லை. தாமதத்துக்கு முதற்காரணம் அதுவே. நீர் முழுதாக மூடியிருந்தால் காற்று எட்டாது, இறுகாது. வெற்றிலைச் சுண்ணாம்பின் மேல் சற்றே நீர் விட்டு வைக்கும் பாட்டிகளுக்கு இது தெரியும். முற்றிலும் உலர்ந்தாலும் வாயு கரைய ஈரமின்றி வேலை நின்றுவிடும்.

இந்தத் தாமதத்தைத்தான் ஓவியர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், பசை எதுவும் சேர்க்காமல், நீரில் மட்டும் குழைத்த நிறப்பொடியைத் தீட்டுகிறார்கள். பூச்சு உலர உலர, உள்ளே கரைந்திருக்கும் சுண்ணாம்பு நீரோடு மேற்பரப்புக்கு ஊர்ந்து வருகிறது. அங்கே கரியமில வாயுவைச் சந்தித்து, நிறத்துகள்களைச் சுற்றியே நுண்ணிய கால்சைட் (சுண்ணாம்புக்கல்லின் கனிமம்) படிகங்களாக விளைகிறது. வண்ணம் சுவரில் ஒட்டுவதில்லை, கல்லுக்குள் சிறைப்படுகிறது. ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவுக்கு மட்டுமே பூச வேண்டும் என்பதால், மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டிய வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயக் கூரையில் ஒவ்வொரு நாள் வேலையின் விளிம்பும் ஆய்வாளர்களுக்குப் புலப்படுகிறது.

ஜிப்சத்தில் இது நடக்காது. எகிப்தில் பண்டைய அரசி நெஃபர்தாரியின் கல்லறை ஓவியங்கள் ஜிப்சம் கலந்த பூச்சின் மேல் பிசினால் ஒட்டப்பட்டவை. பாலைவன வறட்சியே அவற்றைப் பெரிதும் காத்தது. ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் ஏறத்தாழ 2 கிராம் கரையும் என்பதால், மழை படும் வெளிச்சுவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் வரலாற்றறிஞர் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவை ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை என்று அடுத்த சில ஆண்டுகளில் ஆய்ந்து சொன்னவர், சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன். முன்னோரின் மறைபொருள் என்று வியந்து நிற்பவர்களைவிட, ஒரு துணுக்குப் பூச்சை எடுத்துச் சோதித்த அவரே அந்த ஓவியர்களுக்கு நெருக்கமானவர் என்பது என் எண்ணம். திருப்பணி நடக்கும் ஒவ்வொரு பழங்கோயிலிலும், பழைய காரையின் மேல் சிமெண்ட் பூசுவதற்கு முன், அப்படியொரு வேதியியலாளருக்குச் சம்பளம் ஒதுக்குவது பெருஞ்செலவாகாது.