சாம்பல் சிமெண்ட் ஏன் மெதுவாக இறுகுகிறது?

பிபிசி (PPC, அதாவது சாம்பல் கலந்த போர்ட்லாண்ட் பொசோலானா சிமெண்ட்) மூட்டையைப் பார்த்தாலே "இதுல சாம்பலைக் கலந்துடுறான்" என்று அலுத்துக்கொள்ளும் மேஸ்திரிகள் உண்டு. கலப்பது உண்மைதான். 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்க்க இந்தியத் தரவிதியே இடம் தருகிறது. ஆனால் அந்தச் சாம்பல் சும்மா இருப்பதில்லை, தாமதமாக வேலைக்கு வருகிறது.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து இரண்டு பொருட்களைத் தருகின்றன. ஒன்று, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை. கான்கிரீட்டின் பலமெல்லாம் பெரும்பாலும் இதுதான். மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சாதாரணச் சுண்ணாம்பு. கம்பி துருப்பிடிக்காமல் இருக்க இதன் காரத்தன்மை உதவுகிறது. பலத்துக்கு இதனால் பெரிய பயனில்லை. நீரில் கரைந்து வெளியே கசிந்து, சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் இதுதான்.

இந்தச் சுண்ணாம்புதான் சாம்பலுக்குத் தேவை. நிலக்கரி எரியும்போது அதற்குள் இருக்கும் களிமண் உருகிப் புகையோடு பறந்து, சட்டென்று குளிர்ந்து நுண்ணிய கண்ணாடி உருண்டைகளாகிவிடுகிறது. கலவையின் காரம் ஏற ஏற அந்தக் கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும். வெளிவரும் சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடியும் அதே பசையாகிறது. முன்பு வெற்றிடமாக இருந்த துளைகள் அடைபடுவதால், கடலோரக் கட்டடங்களில் உப்பு உள்ளே புகுவது குறைகிறது.

சரி, தாமதம் எங்கே வருகிறது? முதலில் சிமெண்ட் வினைபுரிந்து சுண்ணாம்பைத் தந்தால்தானே சாம்பலுக்கு வேலை! அதனால் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் சோதித்தால் பலம் குறைவாகத்தான் தெரியும். பல வாரங்கள் கழித்து அது சாதாரண சிமெண்டை எட்டிப்பிடிக்கும், சில சமயம் தாண்டியும் போகும். அதுவரை ஈரம் வேண்டும். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் கியூரிங் என்றால், சாம்பல் கலந்ததற்கு 10 நாள் என்கிறது தரவிதி. நான்காம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுச் சாம்பலைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

எல்லாச் சாம்பலும் ஒன்றல்ல. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். எரியாத கரி மிஞ்சிய சாம்பலோ தண்ணீரை அதிகம் கேட்கும்.

சாம்பலைப் போலவே சிமெண்டில் கலக்கப்படும் இரும்பு உலைக் கசடின் கதை கொஞ்சம் வேறு. சுண்ணாம்பு அதற்குள்ளேயே இருக்கிறது. தூண்டிவிடக் காரம் கிடைத்தால் போதும். ஆனால் உருகிய கசடைத் தண்ணீரில் சட்டென்று குளிர்வித்திருக்க வேண்டும். மெதுவாக ஆறினால் படிகமாகி, ஜல்லிக்குத்தான் ஆகும். கசடு கலந்த சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குப் பலகை பிரித்ததும் நீலப்பச்சை நிறம் தெரியலாம். பயப்பட வேண்டாம், கசடிலுள்ள சல்பைடு செய்யும் வேலை அது. காற்றுப் பட்டால் நாளடைவில் மங்கிவிடும்.