குருவி பிழைக்கிறது, கழுகு ஏன் சாகிறது?

ஒரே கம்பியில் இரண்டு கால்களையும் ஊன்றி உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஒன்றும் ஆவதில்லை. கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு அநேகமாக இல்லை என்பதால் மின்சாரம் உடலுக்குள் பாய்வதில்லை. உடலின் ஒரு பக்கம் மின்கம்பியையும் மறுபக்கம் இன்னொரு கம்பியையோ எர்த் ஆன (தரையோடு மின்தொடர்புள்ள) இரும்பையோ தொட்டால்தான் சாவு.

உயர் அழுத்தக் கோபுரங்களில் கம்பிகள் மீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும். அங்கே பறவைகள் பெரும்பாலும் மோதித்தான் சாகின்றன. மின்சாரம் தாக்குவது 11, 33 கிலோவோல்ட் கம்பங்களில். அவற்றிலும் மோசமானது, இரும்புக் குறுக்குச் சட்டத்தின் மேல், கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டரை நிமிர்த்தி வைத்த கம்பம். சட்டத்தில் உட்காரும் கழுகுக்குக் கம்பி ஏறக்குறைய ஒரு சாண் தூரம்தான். காய்ந்த இறகு ஓரளவு தடுக்கும். மழையில் நனைந்த பறவை உலர்த்துவதற்காக இறக்கையை விரிக்கும்போதுதான் வினை.

பொன்னாங்கழுகை அளவுகோலாக வைத்து வட அமெரிக்காவில் பின்பற்றும் இடைவெளி கிடையாக 150 செ.மீ., செங்குத்தாக 100 செ.மீ. புதிய கம்பமானால் இன்சுலேட்டரைச் சட்டத்துக்குக் கீழே தொங்கவிடுவதே நல்லது. பழைய கம்பத்தில் கம்பிக்கு உறை போடலாம். எர்த் ஆகாத மரச் சட்டத்தில் நடுக் கம்பியை மூடினாலே பெரும்பாலும் போதும். இரும்புச் சட்டமானால் மூன்று கம்பிகளையும் மூட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் புஷ்ஷிங் (கம்பி உள்ளே நுழையும் பீங்கான் குழல்) தொப்பிக்கும் ஜம்பர் (இணைப்புக் கம்பி) உறைக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டாலும் அணில் சாக அது போதும். அளவு பொருந்தாத உறை காற்றில் நழுவும். மட்டமான பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்கும். (விலங்கின் உரசலைத் தாங்கத்தான் இந்த உறை. அதை நம்பி ஆள் கை வைக்கக் கூடாது.) பறவை உட்காராமலிருக்க வைக்கும் முள்பட்டையைப் பெரிதாக நம்ப வேண்டாம்: விரட்டப்பட்ட பறவை அதே கம்பத்தில் கம்பிக்கு இன்னும் நெருக்கமாகப் போய் உட்காரும்.

குரங்குக்கு இறக்கை இல்லை, நீண்ட கைகள் உண்டு; இரு கம்பிகளை ஒரே நேரத்தில் பிடித்துவிடும். கிளையை வெட்டுவதோடு நின்றால் தூரமாகத் தாவும், அவ்வளவுதான். உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய ஏரியல் கேபிளும், கம்பிப் பாதையை விட்டு விலகிக் கட்டிய கயிற்றுப் பாலமும் சேர்ந்தால் பலன் தெரியும்.

யானைக்குச் சிக்கல் தொய்வு. வெயிலும் மின்சுமையும் கூடும்போது உலோகம் நீண்டு கம்பி இறங்கும். ஆகவே உயரத்தைக் கம்பத்தடியில் அளந்து பயனில்லை. இரு கம்பங்களுக்கு நடுவே, கம்பி மிகச் சூடாக இருக்கும் நிலைக்குக் கணக்கிட வேண்டும். யானை உரசிச் சாய்த்த கம்பம் இந்தக் கணக்கையும் கெடுக்கும். அறுந்து விழுந்த கம்பி இன்னொரு வகை. காய்ந்த மண்ணின் மின்தடை அதிகம் என்பதால் ஓடும் மின்னோட்டம் குறைவு; கோளாறு கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் சாதாரண ரிலே அதை வழக்கமான சுமை என்றே நினைத்துக்கொள்ளும், கம்பி மின்சாரத்தோடு தரையில் கிடக்கும். அதைச் சுற்றி மண்ணிலேயே மின்னழுத்தம் அடிக்கு அடி மாறுவதால், முன்காலும் பின்காலும் வெகுதூரம் விலகி நிற்கும் யானைக்கு, கம்பியைத் தொடாமலே மின்சாரம் தாக்கும். காட்டு வழிப் பாதைகளில் சிறு கசிவையும் உணரும் எர்த் ஃபால்ட் ரிலே கேட்பது இதனால்தான்.