உச்சி தெரிந்ததும் பல்சர் என்று சொல்லிவிடாதீர்கள்

எக்ஸ் கதிர் தரவுகள் இப்போது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் இருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் பெருநிறை எக்ஸ் கதிர் இரட்டைகளில் பல்சர், அதாவது சீராகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன், தேடும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் பவர் ஸ்பெக்ட்ரங்களில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் வரைபடங்களில்) பெரும்பாலும் ஒரே சிக்கல்தான்: ஓர் உச்சி தெரிகிறது, உடனே கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இந்த இரட்டைகளில் ஒரு பெரிய விண்மீன் காற்றாய் வீசும் பொருளை நியூட்ரான் விண்மீனோ கருந்துளையோ இழுத்துக்கொள்கிறது. அந்தக் காற்று கட்டி கட்டியாக வருவதால் ஒளி எப்போதும் தாறுமாறாக ஏறி இறங்கும். அதைத்தான் ரெட் நாய்ஸ் என்கிறோம். குறைந்த அதிர்வெண்களில் அது மலைபோல் நிற்கும்போது, எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவாக இருக்கும் இரைச்சலுக்கான கணக்கை வைத்து உச்சியை எடைபோட்டால் விடை தப்பாகத்தான் வரும். அப்புறம், ஒரு லட்சம் அதிர்வெண்களைத் துழாவினால் லட்சத்தில் ஒன்று என்ற தற்செயல் எங்காவது தலைகாட்டத்தான் செய்யும். தொண்ணூறு நிமிடங்களுக்கு அருகில் ஏதாவது தெரிந்தால் முதலில் தரவு எடுத்த செயற்கைக்கோளின் சுற்றுக் காலத்தைப் பாருங்கள், உச்சி அதிலிருந்தே வந்திருக்கலாம். நானே அதில் ஒரு வாரம் இழந்திருக்கிறேன்.

நேர்மாறான ஆபத்தும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. 1971-இல் உகுரு செயற்கைக்கோள் துடிப்பைக் கண்ட சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற இரட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். துடிப்பு 4.8 வினாடிக்கு ஒன்று, சுற்றுக் காலம் 2.1 நாள். அதன் நியூட்ரான் விண்மீன் சுற்றில் நம்மை நெருங்கி விலகும்போது துடிப்புகள் கிட்டத்தட்ட 40 வினாடி முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன. இதைத் திருத்தாமல் நீண்ட தரவை மடித்தால் (துடிப்புக் கால அளவில் துண்டு துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்) உண்மையான துடிப்பே கரைந்துபோகும். ஆகவே "துடிப்பு இல்லை" என்று எழுதுவதற்கும் அதே கவனம் வேண்டும்.

எல்எஸ் 5039 என்ற இன்னோர் இரட்டையில் சுமார் 9 வினாடித் துடிப்பு இருப்பதாக 2020-இல் ஓர் அறிவிப்பு வந்தது. பின்னர் மற்றவர்கள் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எல்எஸ் ஐ +61 303 என்ற இரட்டையிலோ 269 மில்லிவினாடித் துடிப்பு வானொலி அலையில், சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியில்தான் பிடிபட்டது; 2022-இல் அது வெளியானது. எக்ஸ் கதிரில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சரி, உங்களிடம் உச்சி இருக்கிறதா? வேறு நாளில், முடிந்தால் வேறு கருவியில் எடுத்த தரவில் அதே இடத்தில் தேடுங்கள். எனக்கு அனுப்பும்போது எத்தனை அதிர்வெண்களைச் சோதித்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.