எலும்பில் கிடைத்த டிஎன்ஏ யாருடையது?

ஹரியானாவில் உள்ள சிந்துவெளி நாகரிக ஊரான ராக்கிகடியில் கிடைத்த எலும்புக்கூடு பற்றிய பேச்சில் வாசகர் ஒருவர் கேட்டார்: "சுமார் 4,500 வருஷம் மண்ணில் கிடந்த எலும்பு. தோண்டியவர், கழுவியவர், பெட்டியில் வைத்தவர் என்று எத்தனையோ கை பட்டிருக்கும். கிடைத்த டிஎன்ஏ செத்தவருடையதுதான் என்று எப்படி நம்புவது?"

இந்தத் துறை ஒரு காலத்தில் சறுக்கியதே இந்த இடத்தில்தான். 8 கோடி வருஷப் பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்துவிட்டதாக 1994ல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. டைனோசராக இருக்குமோ என்று உலகமே பரபரத்தது. அடுத்த வருஷமே மற்றவர்கள் சரிபார்த்துவிட்டார்கள்: அது மனித டிஎன்ஏ.

எடுக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்காதைச் சுற்றி பெட்ரஸ் என்று ஒரு எலும்பு இருக்கிறது. உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புகளில் ஒன்று என்பதால் டிஎன்ஏ அங்கே அதிகம் தாக்குப்பிடிக்கும். தூசி புகாத அறையில், உடம்பு முழுக்க மூடிக்கொண்டு, அதைத் துளைத்துப் பொடி எடுத்து, கரைத்து, டிஎன்ஏவைப் பிரித்துப் படிக்கிறார்கள். கிடைப்பதில் பெரும்பகுதி மண்ணில் இருந்த பாக்டீரியாவுடையது. மிச்சம் இருப்பதுதான் மனிதனுடையது. அது எந்த மனிதன்?

இங்கேதான் சைட்டோசின் வருகிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அதற்கு மட்டும் ஒரு பலவீனம் அதிகம். தண்ணீரோடு வினைபுரிந்தால் அதன் அமினோ தொகுதி கழன்றுபோய், அது யுராசிலாக மாறிவிடும். ஆர்என்ஏவில் இருக்க வேண்டிய எழுத்து அது. நாம் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு செல்லிலும் தினமும் இது நடக்கிறது. ஆனால் யுராசிலைத் தேடி வெட்டியெடுக்க ஒரு நொதி இருக்கிறது. அந்தக் காலி இடத்தில் வேறு நொதிகள் சைட்டோசினைத் திரும்ப வைத்துவிடும். செத்த பிறகு பழுது பார்க்க யாரும் இல்லை.

இழையும் உடைந்து, பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவான துண்டுகளாகிவிடும். அந்தத் துண்டுகளின் முனைகளைப் பாருங்கள். இரண்டு இழைகளும் சமமாக உடைவதில்லை. ஒன்று சில எழுத்துகள் நீண்டு, ஜோடி இல்லாமல் தொங்கும். ஜோடியோடு இருக்கும் சைட்டோசினுக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. தொங்கும் சைட்டோசினுக்கு அது இல்லை. அதனால் முனைகளில்தான் யுராசில் குவியும். படிக்கும் கருவி யுராசிலை, டிஎன்ஏவின் இன்னொரு எழுத்தான தைமின் என்றே வாசிக்கும்.

இனி ஆயிரக்கணக்கான துண்டுகளை மனித மரபணுத்தொகையோடு, அதாவது மனிதரின் முழு டிஎன்ஏ வரிசையோடு, பொருத்திப் பார்த்தால், சைட்டோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வருவது முனையில் 20, 30 சதவீதம்கூட இருக்கும். சில எழுத்துகள் உள்ளே போவதற்குள் அது மளமளவென்று இறங்கிவிடும். தோண்டியவரின் கையிலிருந்து ஒட்டிக்கொண்ட டிஎன்ஏவில் முனையில் குவியும் இந்தத் தடமே வராது, அதன் துண்டுகளும் நீளமாக இருக்கும். பழைய டிஎன்ஏவைச் சிதைத்த அதே வினைதான் அது பழையது என்பதற்குச் சாட்சி! கலப்படம் மிக அதிகமென்றால், முனையில் இந்தத் தடம் உள்ள துண்டுகளை மட்டும் பொறுக்கிக்கொள்ளலாம். ஸ்பெயினில் சிமா தெ லோஸ் உவேசோஸ் குகையில் கிடைத்த, சுமார் 4,30,000 வருஷப் பழைய எலும்புகளை அப்படித்தான் படித்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. செல்லில் பழுது பார்க்கும் அதே நொதியை ஆய்வகத்தில் ஊற்றி, யுராசிலை வெட்டி எறிந்து பிழைகளைக் குறைக்க முடியும். ஆனால் மெத்தில் என்ற சின்ன வேதித்தொகுதி ஒட்டிய சைட்டோசின் சிதைந்தால் நேராகத் தைமினாகவே மாறும், நொதியால் அதைத் தொட முடியாது. மரபணுக்களை அணைத்துவைப்பதில் மெத்திலுக்குப் பங்கு உண்டு. ஆக, நொதிக்கு அப்புறமும் மிஞ்சும் தைமின்களை வைத்து, அழிந்துபோன மனித இனமான நியாண்டர்தாலின் டிஎன்ஏவில் எங்கெங்கே மெத்தில் இருந்தது என்று 2014ல் வரைபடமே போட்டுவிட்டார்கள். அழுகிப்போன ஒன்றிலிருந்து இவ்வளவு செய்தி!

சரி, வரலாற்றுக்கு வருவோம். யாருடைய எழுத்துகள் யாரோடு ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் உறவு தெரியும். முன்னோரிடமிருந்து வந்த துண்டுகள் தலைமுறைக்குத் தலைமுறை குட்டையாவதால், கலப்பு நடந்த காலத்தையும் கணிக்கலாம். மரபியலாளர் ஸ்வாந்தே பாபோவின் குழு 2010ல் நியாண்டர்தால் மரபணுத்தொகையை வெளியிட்ட பிறகுதான், ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள மக்களின் டிஎன்ஏவில் 1 முதல் 2 சதவீதம் நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. 2022 நோபல் பரிசு பாபோவுக்குப் போனது. ராக்கிகடியில் 60க்கும் மேற்பட்ட மாதிரிகளை முயன்று, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் பயன்படும் அளவு கிடைத்தது. 2019ல் வந்த முடிவின்படி, ஈரானின் பழங்கால மக்களோடு தொடர்புள்ள வம்சமும், அந்தமானியரோடு தூரத்து உறவுள்ள வேட்டைச் சமூக வம்சமும் அவரிடம் கலந்திருந்தன. யூரேசியாவின் ஸ்டெப்பி புல்வெளி மேய்ச்சல்காரர்களின் வம்சம் அவரிடம் தென்படவில்லை.

இதை வைத்து ஆளாளுக்குத் தங்கள் இனமே கலப்பில்லாதது என்று முழங்குவது எனக்குப் பெரிய வருத்தம். அந்தப் பெண்ணே ஒரு கலவைதான். அதோடு, ஒரு பெரும் நாகரிகத்துக்காக ஒருவர் மட்டும் பேசுகிறார். வெயிலும் ஈரமும் சேர்ந்த நிலத்தில் சைட்டோசின் வேகமாகச் சிதையும், அதை மாற்ற முடியாது. ஆனால் தோண்டும்போதே கையுறை போடுவதும், எலும்பைக் கழுவாமல் உடனே குளிரில் வைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. அகழாய்வுக்குப் பணம் ஒதுக்கும் அரசுகள், குழியருகே ஒரு குளிர்பெட்டிக்கும் பயிற்சி பெற்ற ஒரு ஆளுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.