18-க்குக் கீழே 11 எப்படி வந்தது?

காலாண்டு விடைத்தாள் திருத்தி முடிந்தது. ஆறாம் வகுப்பு, விகிதமும் விகித சமமும். இந்த முறையும் அதே தப்பு.

9 கிலோ பச்சைத் தேயிலைக்கு 2 கிலோ தூள். மேல் நிரையில் 9, 18, 30, 45. கீழே 2 மட்டும் இருக்கிறது, மற்றதை நிரப்ப வேண்டும். 18-க்குக் கீழே 11 என்று எழுதுகிறார்கள். 9 கூடித்தானே 18 ஆனது, அதனால் 2-உடனும் 9 கூட்ட வேண்டுமாம்.

அசட்டையில் வந்த விடை இல்லை இது. பிள்ளை சரிபார்த்தும் இருக்கும். 9-இல் 7 போனால் 2, 18-இல் 7 போனால் 11. குறுக்கே பார்த்தாலும் நெடுக்கே பார்த்தாலும் ஒரே விடை, அப்புறம் எப்படி மிஸ் தப்பு என்று கேட்கும். கூட்டல் தனக்குத்தானே ஒத்துப்போகும், தேயிலையோடு ஒத்துப்போகாது. அந்தக் கணக்குப்படி 45 கிலோ இலைக்கு 38 கிலோ தூள்! கோத்தகிரியில் அப்படி ஒரு ஃபேக்டரி இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே எல்லோரும் இலையை அங்கே போடுவார்கள். ஏறக்குறைய நாலரை கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள், மழையில் நனைந்த இலை என்றால் அதுவும் தேறாது. இன்னும் நம்பாத பிள்ளையிடம் 0 கிலோவுக்கு ஒரு நிரல் போடச் சொல்லுங்கள். தூள் மைனஸ் 7 கிலோ என்று வரும்.

அக்காவுக்கு 9 வயது, தம்பிக்கு 2 வயது என்றால், அவளுக்கு 18 ஆகும்போது அவனுக்கு 11. அங்கே அதே விடை சரி. வயதில் வித்தியாசம் மாறாது, தேயிலையில் மடங்கு மாறாது.

18 என்பது இரண்டு மடங்கு, ஆகவே 4. 45 ஐந்து மடங்கு, ஆகவே 10. இதைப் போட்டுவிடுகிற பிள்ளையும் 30-இல் வழுக்கும். மடங்கு முழு எண்ணாக வராததால் திரும்பக் கூட்டலுக்கு ஓடி, 23 என்று எழுதிவிடும். ஒரே தாவலில் போக வேண்டாம். இரண்டையும் 3-ஆல் வகுத்தால் 3 கிலோவுக்கு 2/3 கிலோ. இரண்டையும் 10-ஆல் பெருக்கினால் 30 கிலோவுக்கு 20/3, அதாவது ஆறே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

நிரலோடு நிரலைக் கூட்டலாம்: 18-உம் 45-உம் 63, 4-உம் 10-உம் 14. மேலும் கீழும் ஒரே எண்ணைக் கூட்டுவதுதான் கூடாது.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஒன்று: கல்லாறு–குன்னூர் பல்சக்கரப் பாதையில் மலை ரயில் ஏறக்குறைய 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. அதே ஏற்றத்தில் 60 மீட்டருக்கு? 49 என்று பதில் வந்தால், அது ரயிலா பல்லியா என்று கேளுங்கள்.

டியூஷன் எடுப்பவர்களுக்கு: தயவுசெய்து குறுக்குப் பெருக்கலை முதல் நாளே கொடுக்காதீர்கள். இலையும் தூளும் இடம் மாறிப்போய், 30 கிலோ இலைக்கு 135 கிலோ தூள் என்று எழுதி அடிக்கோடும் போட்டு வைக்கிறார்கள். முதலில் நிரலுக்கு நிரல் அம்புக்குறி போட்டு ×2, ×5 என்று எழுதிப் பழக்குங்கள். அம்புக்குறி இல்லாத விடைக்கு முழு மதிப்பெண் கேட்டு யாரும் வர வேண்டாம்.