தாத்தா படம் ஏன் எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: கூடத்தில் மாட்டியிருக்கும் தாத்தா படத்தை எத்தனை தடவை நேராக்கி வைத்தாலும் சில நாளில் இடப்பக்கம் இறங்கிவிடுகிறது. ஆணி ஆடவில்லை, கயிறும் புதிது. "தாத்தாவுக்கு ஏதோ குறை" என்கிறாராம் மாமியார். என்ன செய்யலாம்?

தாத்தாவுக்குக் குறை ஒன்றும் இல்லை. குறை கயிற்றின் நீளத்தில் இருக்கிறது.

பிரேம் கடையில் என்ன செய்வார்கள் என்பது தெரிந்ததுதான். சட்டத்தின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு வளையம் திருகி, நடுவில் கயிறு கட்டித் தருவார்கள். நாம் சுவரில் ஒரே ஒரு ஆணி அடித்து அதில் மாட்டுவோம். கயிறு வெளியே தெரிந்தால் அசிங்கம் என்று இறுக்கிக் கட்டச் சொல்வோம். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுவோம். 60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் உள்ள படத்துக்கு 3 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே இரண்டு கிலோ வரும். சட்டம், அட்டை எல்லாம் சேர்ந்து மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணிக்கு அந்த மூன்று கிலோதான் பாரம். கயிற்றுக்கு அப்படி இல்லை. கயிறு கிடைமட்டத்தோடு 30 பாகை சாய்ந்திருந்தால் அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கிலோ இழுவிசை. இறுக்கிக் கட்டி 5 பாகை ஆக்கினால் பதினேழு கிலோ! நள்ளிரவில் "டமார்" என்று விழும் படங்களில் பல இப்படி விழுபவைதான். வருடக்கணக்கில் இற்றுப்போன சணல் கயிறு எத்தனை நாள்தான் தாங்கும்? மறுநாள் காலையில் சகுனம் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றின் நுனியைப் பாருங்கள்.

இப்போது சாய்வுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

படத்துக்குப் பின்னால் வழக்கம்போல ஒரு பல்லி குடியிருக்கிறது. அது சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆணியைப் பார்க்கிறது. படம் சாயும்போது நமக்குப் படம் நகர்வதாகத் தெரியும். பல்லிக்கோ படம் அசையவே இல்லை, ஆணிதான் கயிற்றோடு இங்கும் அங்கும் போகிறது. எந்தப் பாதையில் போகிறது? இரண்டு குண்டூசி குத்தி, நூல் கட்டி, பென்சிலால் நூலை விறைப்பாக இழுத்தபடி சுற்றினால் நீள்வட்டம் வரும் என்று பள்ளியில் படித்தோமே, அதே பாதை. வளையங்கள்தான் குண்டூசிகள், ஆணிதான் பென்சில்.

தொங்கும் எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையத்தை, அதாவது எடை முழுவதும் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளும் புள்ளியை, முடிந்தவரை கீழே கொண்டுபோகப் பார்க்கும். படத்துக்கு அது நடுப்புள்ளிதான். பல்லியின் கணக்கில் இதற்கு அர்த்தம், ஆணிக்கும் படத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரம் முடிந்தவரை அதிகமாக வேண்டும். ஆக, கேள்வி ஒன்றே ஒன்று: அந்த நீள்வட்ட வளைவில் நடுப்புள்ளியிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் இடம் எது?

கயிறு நீளமாக இருந்தால் நீள்வட்டம் உருண்டையாக, மேலே எழும்பி நிற்கும். அப்போது உச்சிதான் அதிகத் தூரம். ஆணி உச்சியில் இருந்தால் படம் நேராக இருக்கிறது என்று பொருள். தட்டிவிட்டாலும் ஆடி ஆடித் திரும்பி வந்துவிடும்.

கயிறு குட்டையானால் நீள்வட்டம் நசுங்கிப் படுத்துவிடும். உச்சி நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்துவிட, இரண்டு பக்கச் சரிவுகளும் அதைவிடத் தூரமாகிவிடும். அதாவது படம் அழகாக நேராகத் தொங்கும் அந்த நிலையில்தான் அதன் ஈர்ப்பு மையம் இருப்பதிலேயே உயரத்தில் இருக்கிறது! நாம் ஒவ்வொரு தடவையும் கஷ்டப்பட்டு நேராக்கும்போது படத்தை ஒரு மேட்டின் உச்சியில் ஏற்றி வைக்கிறோம். பாடப்புத்தகத்தில் உறுதியற்ற சமநிலை என்று போட்டிருப்பது இதைத்தான். நீள்வட்டத்தைக் கணக்கு வகுப்பிலும் சமநிலையை இயற்பியல் வகுப்பிலும் தனித்தனியாக நடத்திவிட்டு, இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன என்று சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத மனத்தாங்கல் உண்டு.

சரி, எல்லை எங்கே? கணக்கு போட்டால் விடை சுத்தமாக வருகிறது. ஒரு வளையத்திலிருந்து ஆணிக்கு ஒரு கோடு, அதே வளையத்திலிருந்து படத்தின் நடுப்புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையே 90 பாகைக்கு மேல் இருந்தால் படம் நிற்கும், குறைந்தால் சாயும். தச்சரின் மூலைமட்டத்தை வளையத்தில் வைத்தே பார்த்துவிடலாம்.

நம் படத்தில் வளையங்கள் நடுக்கோட்டிலிருந்து 24 செ.மீ. தள்ளியும், நடுப்புள்ளிக்கு 12 செ.மீ. மேலேயும் இருக்கின்றன என்று வையுங்கள். 24-ஐ 24-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 48. வளையங்களின் மட்டத்திலிருந்து ஆணி 48 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். நாம் வைப்பதோ ஐந்து, ஆறு செ.மீ.!

அப்படியானால் எல்லாப் படமும் உடனே கவிழ வேண்டாமா? உராய்வு காப்பாற்றுகிறது. கயிறு ஆணியைப் பிடித்துக்கொள்கிறது, சட்டத்தின் கீழ் விளிம்பு சுவரைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் தெருவில் மணல் லாரி போகும், கதவு காற்றில் அறையும். ஒவ்வோர் அதிர்விலும் பிடி ஒரு கணம் தளர, கயிறு மயிரிழை அளவு நழுவுகிறது. மேட்டின் உச்சியிலிருந்து நழுவியது திரும்ப மேலே ஏறாது. முதல் நழுவல் எந்தப் பக்கமோ, அடுத்ததும் அந்தப் பக்கமே. அந்த முதல் நழுவலை ஒரு வளையம் சற்று ஏறியிருப்பதோ, சந்தன மாலை ஒரு பக்கம் கூடுதலாகத் தொங்குவதோ தீர்மானிக்கும். தாத்தா விடாமல் இடப்பக்கமே சாய்வது இதனால்தான்.

பழைய வீடுகளிலும் டீக்கடைகளிலும் படம் மாட்டியிருக்கும் விதத்தைக் கவனித்திருக்கிறீர்களா? கீழ் விளிம்பு இரண்டு ஆணிகள்மேல் உட்கார்ந்திருக்கும், மேலே ஒரு கயிறு, படம் முன்பக்கமாகக் குனிந்து நம்மைப் பார்க்கும். குனிந்திருப்பதால் உயரத்தில் மாட்டினாலும் முகம் தெரியும், கண்ணாடியில் வெளிச்சமும் அடிக்காது. கீழே இரண்டு தாங்கல் இருக்கும்போது பக்கவாட்டில் சாய வழியே இல்லை. அதை மாட்டிய ஆசாரிக்குச் சமன்பாடு தேவைப்படவில்லை. கயிறு தெரியக் கூடாது என்ற நாகரிகம் வந்த பிறகுதான் நமக்குத் தேவைப்படுகிறது.

உங்களுக்கு வழி இரண்டு. ஒன்று, ரசமட்டம் வைத்து இரண்டு ஆணி அடித்து, வளையங்களை நேரடியாக மாட்டிவிடுங்கள். இன்னொன்று, வளையங்களை நெருக்கிப் போடச் சொல்லுங்கள். 24 செ.மீ. தூரத்தை 8 ஆக்கினால் போதும், தேவையான உயரம் 48-லிருந்து ஐந்தரைக்கும் கீழே வந்துவிடும். ஆணியை ஆறு செ.மீ. மேலே வைத்தால் சட்டத்துக்குப் பின்னாலேயே மறைந்துவிடும், கயிற்றின் இழுவிசையும் படத்தின் எடைக்குள் அடங்கிவிடும். பிரேம் கடைக்காரர் "ஓரத்தில் போட்டால்தான் பலம்" என்று மறுப்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பின் அட்டையில் திருகு நிற்காது. குறுக்கே ஒரு மரப்பட்டை அடித்து அதில் வளையத்தைத் திருகச் சொல்லுங்கள்.