ஒரே கம்பியில் மூன்று பட்டைகள்

பொழுதுபோக்காக நடத்தும் ஹாம் வானொலியில் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டைக்கென்று பலரும் முதலில் கட்டுவது, நடுவில் இணைப்புக் கொடுக்கும் அரை அலைநீளக் கம்பியான டைபோல் ஆண்டெனாவைத்தான். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் கிடைக்கும்; 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 20.1 மீட்டர். அதன் நடுவில் மின்னோட்டம் மிகுந்தும் மின்னழுத்தம் குறைந்தும் இருப்பதால், அங்கே மின்னெதிர்ப்பு வெட்டவெளியில் சுமார் 73 ஓம் மட்டுமே. 50 ஓம் கோஆக்சியல் கேபிளுக்கு அது ஒத்துப்போகும்.

அதே கம்பியில் 14.2 மெகாஹெர்ட்ஸைச் செலுத்தினால் நிலைமை தலைகீழாகிறது. இப்போது கம்பி ஒரு முழு அலைநீளம். நடுவில் மின்னோட்டம் வற்றி, மின்னெதிர்ப்பு சில ஆயிரம் ஓம்களுக்கு ஏறிவிடும். அதை 4000 ஓம் என்று கொண்டால் கேபிளில் நிலை அலை விகிதம் (பொருத்தமின்மையின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 80. அறையில் இருக்கும் டியூனர் (மின்னெதிர்ப்பைப் பொருத்தும் கருவி) டிரான்ஸ்மிட்டருக்கு 50 ஓம் காட்டி அதைச் சமாதானப்படுத்தும். ஆனால் கேபிளுக்குள் ஆற்றல் முன்னும் பின்னும் அலைந்து, ஒவ்வொரு நடையிலும் வெப்பமாகக் கரைவதை அதனால் தடுக்க முடியாது. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்சியல் கேபிள் 30 மீட்டரில் 100 வாட் அனுப்பினால், கணக்குப்படி 10 வாட்கூட ஆண்டெனாவுக்குப் போய்ச் சேராது. திரும்பி வரும் ஆற்றல் பூஜ்யம் என்று டியூனரின் முள் காட்டுகிறதே என மகிழ்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கேபிளுக்குப் பதில் ஏணி வடிவ 450 ஓம் இணைகம்பியை இட்டால் விகிதம் 9 அளவுக்கு இறங்கும். இணைகம்பியின் சொந்த இழப்பும் மிகக் குறைவு என்பதால், அது உலர்ந்திருக்கும்போது ஏறக்குறைய 90 வாட் மேலே சென்றுவிடும். பல பட்டைகளுக்கு ஒரே கம்பி போதும் என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. உலோகக் குழாய்களை ஒட்டி அதைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதும், மழையில் நனைந்தால் டியூனரை மறுபடி திருப்ப வேண்டியிருக்கும் என்பதும் அதன் தொல்லைகள்.

21 மெகாஹெர்ட்ஸில் கம்பி மூன்று அரை அலைகளைத் தாங்குவதால் நடுவில் மின்னோட்டம் மீண்டும் உச்சமடைந்து, மின்னெதிர்ப்பு 100 ஓம் அளவுக்குத் திரும்புகிறது. எனினும் முனை விளைவால் வரும் நீளக் குறைப்பு கம்பியின் இரு கடைசி முனைகளில் மட்டுமே, ஒவ்வொரு அரை அலைக்கும் இல்லை என்பதால், ஒத்ததிர்வு 7.1-இன் மும்மடங்கான 21.3-இல் அமையாமல் 22 மெகாஹெர்ட்ஸை நெருங்கிவிடுகிறது.

பிரிட்டன் ஹாம் லூயிஸ் வார்னி 1946-இல் வடிவமைத்த ஜி5ஆர்வி ஆண்டெனா இந்த மூன்று அரை அலை உத்தியை 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தது. கம்பி 31.1 மீட்டர், அதிலிருந்து தொங்கும் இணைகம்பி 10.36 மீட்டர். இந்த இணைகம்பி 14 மெகாஹெர்ட்ஸில் அரை அலை என்பதால், மேலே இருக்கும் மின்னெதிர்ப்பை மாற்றாமல் கீழே தருகிறது. மற்றப் பட்டைகளில் அந்த வசதி கிடையாது, அங்கெல்லாம் டியூனர் தேவை.

கம்பியின் மூன்றிலொரு பங்கில் இணைப்புக் கொடுப்பது இன்னொரு வழி. அந்த இடத்தில் 7, 14, 28 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் மின்னெதிர்ப்பு சில நூறு ஓம்களுக்குள் நிற்பதால், ஒரு 4:1 பேலன் (மின்னெதிர்ப்பை நான்கில் ஒன்றாக்கும் மின்மாற்றி) அதைக் கேபிளுக்கு ஏற்றதாக்கிவிடும். 21 மெகாஹெர்ட்ஸில் மட்டும் அதே புள்ளியில் மின்னோட்டம் அற்றுப்போவதால், பேலன் அங்கே பயன்படுவதில்லை.